கர்ப்பப்பை பயாப்சியை ஓ.பி.யிலேயே எடுக்கலாமா? அட்மிஷன் வேண்டாமா?

நகரி_தங்கை | வெள்ளி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவள் நான். இன்று கேட்காமல் தூக்கம் வராது.

என் பெரிய அக்காவுக்கு 44 வயது. ஏகாம்பரகுப்பத்தில் ஒரு தறி வீட்டில் தார் சுற்றுகிறாள், நெசவு நூலைச் சிறு குச்சியில் சுற்றும் வேலை. ஏழெட்டு மாதமாக மாதவிலக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. ஹீமோகுளோபின் 7.8. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, கர்ப்பப்பையின் உள்வரி 16 மி.மீ. தடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஊரில் வைத்தியம் பார்க்கும் ஆர்.எம்.பி. எங்களை ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார். ஸ்கேன் காகிதத்தைப் பார்த்த கையோடு, "இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு? எடுத்துவிடலாம்" என்றார்கள். வியாழக்கிழமைக்குத் தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறொரு டாக்டரம்மாவிடம் அக்காவைக் கூட்டிப்போனேன். அவர், முதலில் உள்வரியில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுதான் பயாப்சி, மெல்லிய குழாய் விட்டு எடுப்போம், ஓ.பி.யிலேயே பத்து நிமிடத்தில் முடியும், மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

இப்போது வீடு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மயக்கம் கொடுக்காமல் கர்ப்பப்பைக்குள் குழாய் விடுவதா என்று அம்மா அழுகிறார். அவ்வளவு சின்ன விஷயம் என்றால் மற்ற இடங்களில் ஏன் இரண்டு நாள் படுக்க வைக்கிறார்கள் என்பது மாமாவின் கேள்வி. அக்கா எதுவும் பேசுவதில்லை. அவளுக்கு ஒரு நாள் கூலி போனாலே கணக்கு இடிக்கும்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஓ.பி.யில் செய்வது உண்மையிலேயே பாதுகாப்பானதா, இல்லை செலவைக் குறைக்கக் குறுக்கு வழியா?


பொதட்டூர்பேட்டை_வாசகி | வெள்ளி, இரவு 10.20

எனக்கு எடுத்திருக்கிறார்கள். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து 53 வயதில் திடீரென்று இரத்தம் பட்டது. பஸ்ஸில் போனேன், பஸ்ஸில் திரும்பினேன். ஒரு நிமிடம் அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது, சின்ன வயதில் முதல் நாள் வலி வருமே அதுபோல. அப்புறம் ஒன்றும் இல்லை. ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அக்காவைத் தைரியமாக அழைத்துப்போங்கள்.


பழைய_ஸ்டாஃப்_நர்ஸ் | வெள்ளி, இரவு 11.05

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனையில் லேபர் வார்டிலும் மகளிர் ஓ.பி.யிலுமாகச் சேர்த்து 27 வருடம் வேலை பார்த்தவள். உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் குழாயின் பெயர் பைப்பெல். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் இருக்கிறதே, ஏறக்குறைய அந்தத் தடிமன்தான், 3 மி.மீ. வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். நுனியில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை. உள்ளே இன்னொரு மெல்லிய குச்சி ஓடும். குழாய் கர்ப்பப்பைக்குள் போனதும் அந்தக் குச்சியைப் பின்னால் இழுத்தால் சிரிஞ்சு மாதிரி உறிஞ்சும். குழாயைச் சுற்றிச் சுற்றி மேலும் கீழுமாக நகர்த்தினால் உள்வரித் துணுக்குகள் மண்புழு மாதிரி உள்ளே வந்து நிற்கும். அதை ஃபார்மலின் பாட்டிலில் தள்ளி மூடினால் வேலை முடிந்தது. உள்ளே குழாய் இருப்பது ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. ஒரு பெண்ணுக்குப் பயன்படுத்தியதைக் குப்பையில் போட்டுவிட வேண்டும், இன்னொருவருக்கு எடுக்கக் கூடாது. பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மாமா கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு நாள் படுக்க வைத்துச் செய்தது பழைய டி அண்ட் சி. கர்ப்பப்பை வாயை விரித்து, இரும்புக் கரண்டியால் சுரண்டுவது. அதற்கு மயக்கம் வேண்டும், தியேட்டர் வேண்டும், முதல் நாள் இரவிலிருந்து பட்டினி வேண்டும். அவ்வளவும் செய்து சுரண்டுவதும் கண்ணால் பார்க்காமல்தான். அதனால் எல்லா இடமும் சுரண்டப்பட்டது என்று சொல்ல முடியாது. கருச்சிதைவுக்குப் பிறகு மீதியை எடுக்கக்கூட உலக சுகாதார நிறுவனம் கரண்டியை விட்டுவிட்டு உறிஞ்சும் முறைக்கு மாறச் சொல்லிவிட்டது. 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சும் கேனுலா என்ற ஒரு குழாயும் இருந்தால் போதும், மின்சாரம்கூட வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் கரண்டி இல்லாத ட்ரேயை நினைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. அக்காவின் ஹீமோகுளோபின் 7.8. இந்த நிலையில் பெரிய ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதைவிட இரத்தப்போக்கை நிறுத்த மாத்திரை, இரும்புச்சத்து, இந்தச் சின்னப் பரிசோதனை, இந்த வரிசைதான் சரி. ஓ.பி.யில் எடுப்பது குறுக்கு வழி இல்லை. நேர் வழியே அதுதான்.


குடியாத்தம்_ஆசிரியை | சனி, காலை 6.40

எல்லோரும் பத்து நிமிடம், ஒன்றுமே இல்லை என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. என் அனுபவத்தையும் கேளுங்கள். எந்த ஊர், எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை.

எனக்கு 39 வயது. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் பார்த்துவிட்டு, மேசையில் படுங்கள் என்றார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லவில்லை. வலி மாத்திரை தரவில்லை. உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலத்தை வைத்ததுமே உயிர் போனது. உள்ளே எதையோ பிடித்து இழுத்தார்கள். "அம்மா" என்று கத்தினேன். "பிள்ளை பெற்றவள்தானே, இதற்கா கத்துகிறாய்?" என்றார் பக்கத்தில் நின்றவர். நிறுத்துங்கள் என்று இரண்டு முறை சொன்னேன், நிறுத்தவில்லை. எழுந்து உட்கார்ந்ததும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். நெற்றியில் மூன்று தையல். ஓ.பி. என்பதால் படுக்க இடம் இல்லை என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு இரண்டு வருடம் எந்த டாக்டரிடமும் என்னைக் காட்டிக்கொள்ளவில்லை. பள்ளியில் நின்று பாடம் நடத்தும்போது பின்பக்கம் கறை பட்டிருக்குமோ என்று கரும்பலகையை ஒட்டியே நின்றிருக்கிறேன்.

தங்கையே, செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. "சின்ன வேலை" என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்கிறேன். அது டாக்டருக்குச் சின்ன வேலை. மேசையில் படுத்திருப்பவளுக்கு அப்படி இல்லை.


பழைய_ஸ்டாஃப்_நர்ஸ் | சனி, காலை 7.15

டீச்சரம்மா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தாதது குற்றம். இதே வார்த்தையை, "பிள்ளை பெற்றவள்தானே" என்பதை, நான் வேலை பார்த்த இடத்திலும் காதால் கேட்டிருக்கிறேன். ஆரம்ப வருடங்களில் எதிர்த்துப் பேசாமல் நின்றிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.


சித்தூர்_மகளிர்_மருத்துவர் | சனி, பகல் 2.30

நான் இந்தப் பக்கத்தில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். அக்காவைப் பார்க்காமல் அவருக்கு மருத்துவம் சொல்ல முடியாது. பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் டீச்சருக்கு. நீங்கள் பட்ட வலி உங்கள் பலவீனம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மாதவிலக்கு வலி அளவோடு முடிகிற இதே செயல் சிலருக்குக் கடுமையாக வலிக்கும். சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிலக்கு நின்றவர்கள், எப்போதுமே மாதவிலக்கில் துடித்துப் போகிறவர்கள், முன்பு யாராலோ துன்புறுத்தப்பட்டவர்கள், இவர்களுக்கு அதிகம் வலிக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் சிசேரியன் என்பதைக் கேட்டதுமே அந்த டாக்டர் யோசித்திருக்க வேண்டும். விழுந்ததற்குக் காரணம், கர்ப்பப்பை வாயைத் தொட்டு இழுக்கும்போது சிலருக்கு நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். தட்டையாகப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டால் சில நிமிடத்தில் சரியாகும், தேவைப்பட்டால் அட்ரோபின் ஊசி. இதற்காகத்தான் செய்து முடித்ததும் யாரையும் உடனே எழுப்பக் கூடாது.

என் ஓ.பி.யில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். முதல் நாளே போன் செய்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இபுப்ரோஃபன் 400 மி.கி. அல்லது மெஃபனமிக் ஆசிட் போட்டுக்கொள்ளுங்கள் என்போம். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு வேறு மாத்திரை. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்ததும் கர்ப்பம் இல்லை என்று சிறுநீர்ப் பரிசோதனை. இரத்தப்போக்குதான் இருக்கிறதே என்று இதைத் தவிர்க்கவே கூடாது. காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் அதைக் குணப்படுத்திய பிறகுதான். அறையில் ஆக்சிஜன், ஊசி மருந்து, பி.பி. கருவி, படுக்க ஒரு கட்டில், தியேட்டருக்கு மாற்ற வழி, இத்தனையும் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் மேசையும் விளக்கும் மட்டும் வைத்துக்கொண்டு செய்வதை நான் ஓ.பி. சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாயை விரிக்க வேண்டி வந்தால் கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிக்னோகைன் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாம். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பியும் இப்போது ஓ.பி.க்கு வந்துவிட்டது. இத்தாலியைச் சேர்ந்த பெட்டோச்சி பரப்பிய முறையில் ஸ்பெகுலமே வைக்காமல், உப்பு நீரை விட்டுக்கொண்டே மெல்லிய ஸ்கோப்பை நேராக உள்ளே நகர்த்துவோம். டீச்சர் சொன்ன "பிடித்து இழுப்பது" அதில் கிடையாது. உள்வரியில் தொங்கும் சதை வளர்ச்சி, அதாவது பாலிப், சின்னதாக இருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். அப்படியும் சிலருக்கு முடியாமல் போகும். அவர்களுக்கு மயக்கத்தில்தான் செய்ய வேண்டும். மயக்கம் வேண்டும் என்று கேட்பது பெண்ணின் உரிமை, அதற்குக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

விழித்திருப்பதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. குழாய் போகக் கூடாத ஆழத்துக்குப் போனால் விழித்திருப்பவள் சொல்லிவிடுவாள், மயக்கத்தில் இருப்பவளால் முடியாது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்கிற டாக்டர் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

பைப்பெல்லின் குறையையும் சொல்லிவிடுகிறேன். தடிப்பு கர்ப்பப்பை முழுக்கப் பரவி இருந்தால் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒரே மூலையில் பாலிப் தொங்கிக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடலாம். சில சமயம் சதை போதவில்லை என்று லேபிலிருந்து திரும்பி வரும். எனவே ரிசல்ட் நார்மல் என்று வந்த பிறகும் போக்கு நிற்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.


ஆரம்பாக்கம்_நண்பர் | சனி, மாலை 4.00

டாக்டர், எங்கள் பக்கம் ஒரு இடத்தில் காலையில் மட்டும் இருபது முப்பது பேருக்குக் காப்பர் டி, பயாப்சி என்று மளமளவென்று முடிக்கிறார்கள். கூட்டம் காத்திருப்பதில்லை. ஓ.பி.யில் செய்வதன் லாபமே இந்த வேகம்தானே?


பழைய_ஸ்டாஃப்_நர்ஸ் | சனி, இரவு 8.45

வேகம் என்றதும் எனக்கு பிலாஸ்பூர்தான் நினைவுக்கு வருகிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஒரே சர்ஜன் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு 30 பேர்தான், அதுவும் வயிற்றில் சின்னத் துளை வழியே உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப் கருவி மூன்று இருந்தால்தான் என்று அப்போதே விதி இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முகாம்களையே மூன்று வருடத்தில் நிறுத்தச் சொன்னது.

அது ஆபரேஷன், பயாப்சிக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆனால் கருவி கருவிதான். ஸ்பெகுலம், பிடிக்கும் கிடுக்கி, வாயை விரிக்கும் கம்பி, எல்லாம் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக வர வேண்டும். கழுவி, காயவைத்து, சுற்றி, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்து எடுக்க வேண்டும். வைப்பது முதல் ஆறுவது வரை கூட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டியிருப்போம். உள்ளே போகும்போது அதில் வெளிர் கோடுகள் இருக்கும், சூடு பட்டு வந்தால் அவை கறுத்திருக்கும். கறுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே மாட்டேன். டாக்டர் அவசரப்படுத்தினாலும் பிரிக்க மாட்டேன். முப்பது பேருக்குச் செய்ய முப்பது செட் இருக்கிறதா என்று நண்பர் அங்கே ஒரு நாள் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆறு செட்டை ஒரு தொட்டி மருந்துத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துச் செய்கிறார்கள் என்றால் அந்த வேகத்தில் யாருக்கும் லாபமில்லை.

வேகத்தால் உயிர் காப்பாற்றப்பட்டதும் உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸுகள் வினிகர் மாதிரியான அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். திட்டு இருந்த பெண்களில் தகுந்தவர்களுக்கு அங்கேயே உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். மயக்கம் இல்லை, அட்மிஷன் இல்லை. பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அங்கே லாபம் நிமிடக் கணக்கில் வரவில்லை. இன்னொரு நாள் வா என்று அனுப்பினால் பாதிப் பேர் வர மாட்டார்கள், ஒரு நாள் கூலி போய்விடுமே. வந்த அன்றே முடித்தது பெரிய விஷயம்.


காப்பீட்டு_வேலை | ஞாயிறு, காலை 9.30

மாமாவின் கேள்விக்கு இன்னொரு பதில் இருக்கிறது, அது காப்பீட்டில் உள்ளது. பெரும்பாலான மெடிக்கல் பாலிசிகளில் 24 மணி நேரம் படுத்திருந்தால்தான் பணம். டே கேர் என்று ஒரு விலக்கு உண்டு. மயக்கம் கொடுத்தோ மரத்துப்போக வைத்தோ 24 மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சைகள், முன்பு அட்மிஷன் தேவைப்பட்டவை. ஆனால் வழக்கமாக ஓ.பி.யிலேயே செய்யக்கூடியது அந்த விலக்கில் சேராது என்று விளக்கத்திலேயே எழுதியிருக்கும். அதனால் குழாய் விட்டு எடுக்கும் பயாப்சிக்குக் கைக்காசு போகும், அதையே தியேட்டரில் மயக்கம் கொடுத்து டி அண்ட் சி என்று செய்தால் கிளெய்ம் கிடைக்கும். பாலிசி இருக்கிறதே என்று தேவையில்லாத மயக்கத்துக்குச் சம்மதித்த குடும்பங்களின் காகிதங்கள் என் மேசைக்கு வருகின்றன. விதி மாற வேண்டும் என்று அலுவலகத்துக்குள்ளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓ.பி. செலவுக்குத் தனியாகச் சேர்க்கும் பாலிசிகளும் இருக்கின்றன, புதிதாக எடுப்பவர்கள் கேட்டு வாங்குங்கள்.


புத்தூர்_வாசி | ஞாயிறு, பகல் 1.10

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவிக்கு 36 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம். வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும்தான். விட்டால் புற்றாக மாறும் என்று பயமுறுத்தினார்கள். பயாப்சி என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டது நான். அவளிடம் கேட்டதுகூட எனக்கு நினைவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறு டாக்டர் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்துவிட்டு, இரண்டு ஓவரியையும், அதாவது சினைப்பைகளையும், சேர்த்து எடுத்திருக்கிறார்களே என்றார். எனக்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இப்போது அவளுக்கு 41. ராத்திரியில் உடம்பு தீயாய் எரிகிறது என்று எழுந்து வாசலில் உட்காருகிறாள். முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

எங்கள் புத்தூருக்கு எலும்பு கட்ட எத்தனையோ மாநிலத்திலிருந்து வருகிறார்கள். அறுக்காமல் கூடிவிடும் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள். எலும்புக்கு அப்படி யோசிக்கிற நாம் கர்ப்பப்பை என்றதும் முதல் வார்த்தையே எடுத்துவிடு என்கிறோமே, ஏன்? நகரித் தங்கை, வியாழக்கிழமைத் தேதியை ரத்து செய்யுங்கள். உங்கள் அண்ணனாகச் சொல்கிறேன்.


சித்தூர்_மகளிர்_மருத்துவர் | ஞாயிறு, பகல் 3.00

அண்ணா, உங்கள் மனைவியை ஒரு மகளிர் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். 36-இல் ஓவரி போனவர்களுக்கு, மார்பகப் புற்று போன்ற தடை எதுவும் இல்லை என்றால், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை தருவது வழக்கம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வேண்டும். காலம் கடந்துவிடவில்லை.

உங்கள் வீட்டில் நடந்தது தனி ஒருவரின் கதை இல்லை. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் நாடு முழுக்க 3.2 சதவீதம், ஆந்திராவில் 8.9 சதவீதம். இந்த எண்ணை நான் என் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எடுத்தே ஆக வேண்டிய நோய்கள் உண்டு, அவர்களுக்கு நானே எடுக்கிறேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு துளி எடுத்துப் பார்க்காமல் எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.


திருத்தணி_வழக்கறிஞர் | ஞாயிறு, இரவு 9.15

கையெழுத்து பற்றி இரண்டு விஷயம். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண்ணுக்கும் 44 வயதுதான், நிற்காத மாதவிலக்குதான். லேப்ராஸ்கோப்பி மூலம் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்து மயக்கத்துக்குப் போனார். மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் ஓவரிகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயது வந்த பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாக வேறு யாருடைய சம்மதமும் செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. கணவர், அம்மா, அண்ணன் யார் போட்டாலும் கதை இதுதான்.

2023 ஏப்ரலில், தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு வந்தது. அதன்படி இந்த ஆபரேஷன்களைக் கண்காணிக்க மாவட்ட அளவிலும் குழு இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு மொழிச் சிக்கல் வேறு. 1960-இல் எல்லையை மாற்றியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன, நகரியும் புத்தூரும் அந்த ஆந்திரப் பக்கமே நின்றன. அந்தப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இந்தப் பக்கம் அப்படியே தலைகீழ். படிவம் எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும், அக்காவுக்குப் புரியும் மொழியில் வரி வரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அவளே கையெழுத்துப் போடட்டும்.


நகரி_தங்கை | புதன், இரவு 8.30

இன்று எடுத்தாயிற்று. எழுதச் சொன்னதே அக்காதான்.

நேற்றே நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து வியாழக்கிழமை வர மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியதை எல்லாம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சரம்மா எழுதியதையும் மறைக்கவில்லை. அதைக் கேட்டு முடித்துவிட்டு அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்களா என்று கேள்" என்றாள்.

அதையே டாக்டரம்மாவிடம் கேட்டோம். "நீ கையைத் தூக்கினால் போதும்" என்றார். படிவம் தெலுங்கில்தான் இருந்தது. ஒரு நர்ஸ் தமிழில் வாசித்தார். அக்கா எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தெலுங்கில் எழுதினாள். மாத்திரை இட்லியோடு ஒரு மணி நேரம் முன்பே போட்டிருந்தோம். சிறுநீர்ப் பரிசோதனை, பி.பி. எல்லாம் ஆயிற்று.

என்னை உள்ளே விட்டார்கள். தலைமாட்டில் நின்றேன். பாக்கெட்டை எங்கள் முன்னால் பிரித்தார்கள், ரீஃபில் மாதிரியேதான் இருந்தது. ஸ்பெகுலத்தைக் கையில் வைத்துச் சூடேற்றிய பிறகே வைத்தார்கள். குழாய் போகும்போது அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். தார்க்குச்சி பிடித்துக் காய்த்த கை, வளையல் உடைந்துவிட்டது. நடுவில் ஒரு முறை கையைத் தூக்கினாள். டாக்டரம்மா அப்படியே அசையாமல் நின்றார். "மூச்சை விடு, சொல், அப்புறம் போகலாம்" என்றார். அக்கா பத்துப் பதினைந்து எண்ணும் நேரம் காத்திருந்து, சரி என்றாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அரை மணி நேரம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல், நாற்றம், தாங்க முடியாத வலி, ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைகிற அளவு போக்கு, இதில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் வரச் சொல்லி ஒரு போன் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். நாலு மணிக்கு வீட்டில் இருந்தோம். அம்மா ரசம் வைத்திருந்தார்.


குடியாத்தம்_ஆசிரியை | புதன், இரவு 9.05

கையைத் தூக்கியதும் நின்றார் என்ற வரியை நாலு முறை படித்தேன். அந்த டாக்டரம்மா இருக்கும் ஊரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தங்கையே. நானும் காட்டிக்கொள்ள வேண்டும்.


நகரி_தங்கை | அடுத்த வியாழன், மாலை 6.20

ரிசல்ட் வந்துவிட்டது. உள்வரி மிகையாக வளர்ந்திருக்கிறது, ஆனால் அணுக்களில் கெட்ட மாற்றம் இல்லை, புற்று இல்லை. கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை என்கிறார் டாக்டரம்மா. ஹார்மோன் சுரக்கும் ஒரு சாதனத்தை உள்ளே வைக்கலாம், காப்பர் டி மாதிரிதான், அதையும் ஓ.பி.யிலேயே வைத்துவிடலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி துளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். விலை சில ஆயிரம். அக்கா யோசிக்கிறாள். வைத்தால் அது உள்ளே நகர்ந்துவிடாதா, தறி வீட்டில் நாள் முழுக்கக் குந்தி உட்காரலாமா என்று கேட்கச் சொன்னாள்.


பழைய_ஸ்டாஃப்_நர்ஸ் | அடுத்த வியாழன், இரவு 7.40

தங்கச்சி, முதலில் அக்காவுக்கு என் முத்தம்.

குந்தி உட்காருவதால் நகராது. தார் சுற்றலாம், தண்ணீர்க் குடம் தூக்கலாம். சிலருக்கு முதல் மாதங்களில் தானாகவே வெளியே வந்துவிடுவது உண்டு. அதனால் ஒவ்வொரு மாதவிலக்கு முடிந்ததும் நூல் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள், நாலு முதல் ஆறு வாரத்தில் ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை சொட்டுச் சொட்டாகக் கறை பட்டுக்கொண்டே இருக்கலாம். இதை முன்பே சொல்லாததால் பயந்துபோய் எடுக்கச் சொல்லி வந்த எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். பொறுத்தால் போக்கு நன்றாகக் குறையும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும், அது கெடுதல் இல்லை, இரத்தம் உள்ளே தேங்குவதும் இல்லை.

வைக்கும் அன்றும் இதே மாதிரிதான்: சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை, கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். இரும்பு மாத்திரையை விட்டுவிட வேண்டாம், டீயோடு போட வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போடச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அடுத்த மாதம் இங்கே எழுதுங்கள்.